அணிநடை மெட்டு எந்த நாட்டில் பிறந்தது? மொரீஷியஸ் ரசிகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாண்டு வாத்தியத்தின் அணிநடை மெட்டுகளைப் படிக்க மொரீஷியஸைவிட வசதியான ஊர் அதிகம் இல்லை. 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்டார்கள். அதன்பின் 1968 வரை ஆங்கிலேயர். இன்று மார்ச் 12 தேசிய தினத்துக்கு இந்தியாவிலிருந்தும் படைப்பிரிவுகள் வந்து நடக்கின்றன. 2025இல் இந்தியப் பிரதமர் சிறப்பு விருந்தினராக வந்தபோது, அந்நாட்டுப் படைவீரர்கள் நம் ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் அணிவகுத்தார்கள். மூன்று நாடுகளின் அணிநடை மரபுகள் ஒரே புல்வெளியில் சந்திக்கின்றன.

ஆனாலும் நம்மில் பலர் பாண்டு வந்தால் கைதட்டுகிறோம், போனால் மறந்துவிடுகிறோம். கோயிலில் நாயனம் கேட்கும்போது "இது தோடியா, கல்யாணியா" என்று கேட்கும் காது நமக்கு இருக்கிறது. அதே காதைப் பாண்டு பக்கமும் திருப்பலாம். ஒரு மெட்டு எந்த நாட்டில் உருவானது என்பதை, அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் கையில் இல்லாமலே பெரும்பாலும் சொல்லிவிட முடியும். அதற்கான வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

வினாடி முள் உள்ள கடிகாரமோ கைப்பேசியோ, ஒரு சின்னக் குறிப்பேடு, இரண்டும் போதும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலோ கோயில் வகுப்பிலோ கொஞ்சம் சங்கீதம் படித்திருந்தால் வேலை இன்னும் எளிது. ஸ்வரமே தெரியாதவர்களும் முதல் மூன்று படிகளை வைத்துக்கொண்டு வெகுதூரம் போகலாம்.

படி 1: நடையை எண்ணுங்கள்

மெட்டைக் கேட்கும் முன் காலைப் பாருங்கள். வீரர்களின் காலடிகளை 30 வினாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். உட்கார்ந்து ஒலிப்பதிவு கேட்கிறீர்கள் என்றால் உங்கள் பாதத்தால் தட்டி எண்ணுங்கள்.

116க்கும் 120க்கும் இடையே வந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் நடக்கின்றன. நம் காவல்துறை பாண்டும் பிரிட்டிஷ் வழியில் வந்தது. ஜெர்மானியர் சற்று நிதானம், 114. நாம் பிடிக்க வேண்டியது இந்தக் கூட்டத்திலிருந்து விலகி நடப்பவர்களை.

சாதாரண அணிவகுப்பு நடைகளில் மிக மெதுவானது, வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அந்நியப் படையுடையது. நிமிடத்துக்கு 88 அடிதான். பாரிஸில் ஜூலை 14 அணிவகுப்பில் மற்றப் படைகளெல்லாம் கடந்து போக, இவர்கள் அசைந்து அசைந்து வருவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எதிர்முனையில் இத்தாலியின் பெர்சாலியேரி. 1836இல் அலெஸ்ஸாந்த்ரோ லா மார்மொரா உருவாக்கிய படை அது. தொப்பியில் கறுப்பு இறகுகள் ஆட, பித்தளை வாத்தியங்களை ஊதிக்கொண்டே 180 அடி வேகத்தில் ஓடுவார்கள். ஸ்பெயினின் அந்நியப் படை 160 அடி போடும். பிரிட்டனின் ரைபிள்ஸ் படையும் கூர்க்கா படையும் 140 அளவில் விறுவிறுவென்று போகும். ஸ்காட்லாந்துக் குழல் பாண்டு (பேக்பைப்) நேர்மாறாக 120க்குக் கொஞ்சம் கீழே, தோள் அசைய நடக்கும்.

60ஐ ஒட்டி எண்ணிக்கை வந்தால் அது மெது அணிநடை. கொடி மரியாதை, பார்வையிடல் போன்ற சடங்குகளுக்கு வாசிப்பது. அதன் பிறப்பைக் கண்டுபிடிக்க நடை உதவாது. நேரே மூன்றாம் படிக்குப் போங்கள்.

படி 2: தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள்

மெட்டு தொடங்குமுன் வரும் சில வினாடிகளில் பாதி விடை இருக்கிறது. பிரிட்டிஷ் மரபுப் பாண்டு என்றால் சிறு முரசுகள் இரண்டு முறை உருட்டு அடி போடும், உடனே முழுப் பாண்டும் சேர்ந்து விழும். ஷான் தெ மார்ஸில் இதைக் கேட்கலாம். ஜெர்மன் மரபில் முதலில் சிறு புல்லாங்குழல்களும் முரசுகளும் தனியாக ஒரு அழைப்பை வாசிக்கும். அது முடிந்த பிறகே பெரிய பாண்டு நுழையும். பிரெஞ்சு மரபில் முரசும் கிளேரோன் என்ற ஊதுகுழலும் முன்னே நிற்கும். ஸ்காட்லாந்து என்றால் குழல் பையில் காற்று ஏறும்போது வரும் அந்த முனகல் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

படி 3: மெட்டை யார் சுமக்கிறார்கள்?

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். தாளம் எல்லா நாட்டிலும் இரண்டு கால்களுக்குத்தான் அடிக்கப்படுகிறது. குரல்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

முதலில் எல்லாருக்கும் பொதுவான ஒன்று. பாண்டில் நாம் கேட்கும் பெரிய முரசு, ஜால்ரா, முக்கோணக் கம்பி ஆகியவை ஐரோப்பாவின் சொந்தச் சொத்து அல்ல. உதுமானியப் பேரரசின் மெஹ்தர் என்ற படை இசைக் குழுக்களிடமிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் எடுத்துக்கொண்டவை. மெஹ்தரின் தலைமை வாத்தியம் ஸுர்னா. இரட்டை நாக்குச் சீவாளி வைத்து, திறந்தவெளிக்காகவே உரக்க ஒலிக்கும் குழல் அது. பக்கத்தில் தோளில் தொங்கும் இருபுற முரசு. நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சேர்க்கை அந்நியமாகத் தோன்றாது. தைப்பூசக் காவடியில் தெரு முழுக்க ஒலிக்கும் அதே வகை ஒலி, அங்கே படைக்கு முன்னால் நடந்தது. ஜானிசரி என்ற உதுமானியக் காலாட்படையோடு சேர்த்து மெஹ்தரையும் 1826இல் சுல்தான் கலைத்துவிட்டார். அதற்குள் அதன் வாத்தியங்கள் ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டன. இன்றும் ஜெர்மன் பாண்டுகளின் முன்னே மணிகளும் குதிரைவாலும் தொங்கும் ஒரு நீண்ட தடி போவதைப் பார்த்தால், அது அந்தத் துருக்கித் தொடர்பின் மிச்சம்.

இனி நாடு பிரிப்போம்.

பிரெஞ்சு மெட்டில் கிளேரோனைத் தேடுங்கள். இந்த ஊதுகுழலில் விரல் வைக்கக் கட்டைகள் இல்லை. உதட்டை வைத்து இயற்கையாக வரும் ஸ்வரங்களை மட்டும் எழுப்பலாம், நம் கணக்கில் ச, க, ப. அதனால் பிரெஞ்சு அணிநடையில் ஒரு பகுதி முழுப் பாண்டு இனிமையாக வாசிக்க, அடுத்த பகுதியில் கிளேரோன்கள் ச-க-ப என்று தாவித் தாவி வெட்டும். அந்த மாறிமாறி வரும் அமைப்பைக் கேட்டால் பிரான்ஸ் என்று குறித்துக்கொள்ளலாம். ரொபேர் பிளாங்கெத் இசையமைத்த பாட்டிலிருந்து 1879இல் ரௌஸ்கி அணிநடையாக்கிய 'சாம்ப்ர் எ மோஸ்' இதற்கு நல்ல பாடம். வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள், காது பழகிவிடும்.

ஜெர்மன் மெட்டில் கனத்த பித்தளை அடித்தளத்தில் நிற்கும். இரண்டாம் பகுதியில் மெட்டையே அந்தத் தாழ்ந்த குரல் வாத்தியங்கள் எடுத்துக்கொள்ளும், மேலே உள்ளவை சும்மா தாளம் தட்டும். அதற்கு மேலே மணித்தகடு வாத்தியத்தின் கிணிகிணிப்பு. பீஃப்கெ 1871இல் எழுதிய 'பிரய்சன்ஸ் குளோரியா'வில் இவை எல்லாம் உண்டு.

ஸ்காட்லாந்துக் குழலுக்கு ஒன்பது ஸ்வரம்தான். ஆனால் அதற்குக் கீழே ஆதார சுருதி ஓயாமல் ஒலிக்கிறது. நாயனத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் செய்யும் வேலையை அங்கே பையிலிருந்து வரும் மூன்று குழாய்கள் செய்கின்றன. இந்தியப் படைகளிலும் இந்தக் குழல் பாண்டுகள் நிறைய. ஆகையால் குழல் சத்தம் கேட்டவுடன் ஸ்காட்லாந்துக்காரர் வந்திருக்கிறார் என்று எழுதிவிடக் கூடாது. வாத்தியம் ஸ்காட்லாந்து, வாசிப்பவர் பஞ்சாபியாகவோ கூர்க்காவாகவோ இருக்கலாம், மெட்டு இன்னொரு இடத்தது. மூன்றையும் தனித்தனிப் பத்தியில் குறியுங்கள். இந்த ஒரு பழக்கம் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

படி 4: ராகத்தைக் கேளுங்கள்

மேற்கத்திய அணிநடைகளில் பெரும்பாலானவை நமக்குச் சங்கராபரணமாகவே கேட்கும். இதை நமக்கு முன்பே ஒருவர் கவனித்துப் பயன்படுத்தியிருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் மணலியில் இருந்தபோது, சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயப் பாண்டு கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரணத்தில். 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள்: பிரிட்டனின் தேசிய கீதம் அப்படியே இருக்கும். அதே கீதம் 1968 மார்ச் 12 வரை ஷான் தெ மார்ஸில் அதிகாரபூர்வமாக ஒலித்தது. சங்கீத வகுப்பில் குழந்தைகள் இன்றும் அந்த மெட்டை சியாமளா தேவிக்குப் பாடுகிறார்கள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்தார். பிற்காலத்தில் மதுரை மணி ஐயரின் கச்சேரியில் இங்கிலீஷ் நோட் வராமல் ரசிகர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பாண்டு இசை நமக்கு வெளியே நிற்கும் பொருள் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கராபரணம் இல்லாமல் நடபைரவி, கீரவாணிச் சாயலில் சோகம் கலந்து ஒலித்தால் ரஷ்யாவை முதலில் சந்தேகியுங்கள். வசீலி அகாப்கின் 1912இல் தம்போவ் நகரில் எழுதிய 'ஸ்லாவியப் பெண்ணின் விடைபெறல்' அந்த வகை. போருக்குப் போகிறவனை வழியனுப்பும் பெண்ணின் மெட்டு. வீரமும் அழுகையும் ஒரே மூச்சில் வரும் இதுபோல் இன்னொரு அணிநடையை நான் கேட்டதில்லை.

தாளத்தையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடலாம். காலடிக்கு இரண்டு அல்லது நான்கு பிரிவு வந்தால் சதுஸ்ர நடை, எந்த நாடும் ஆகலாம். காலடிக்கு மூன்று பிரிவாகத் துள்ளினால் திஸ்ர நடை. அயர்லாந்தின் நடன மெட்டுகளிலிருந்து வந்த படை இசை பெரும்பாலும் இப்படித்தான் துள்ளும். அமெரிக்கரான சூசாவும் இதை நிறையக் கையாண்டார்.

படி 5: மெட்டு எப்படி முடிகிறது?

பெரும்பாலான அணிநடைகளில் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, பிறகு 'ட்ரியோ' என்ற மெல்லிய மூன்றாம் பகுதி இருக்கும். ட்ரியோவில் சுருதி நாலாம் ஸ்வரத்துக்கு நகரும். கச்சேரியில் மத்திம சுருதிக்கு மாறும்போது கிடைக்கும் அதே தளர்வு. அங்கிருந்து பழைய முதல் பகுதிக்குத் திரும்பி வந்து முடிந்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் சாயுங்கள். திரும்பாமல் ட்ரியோவையே மேலும் மேலும் பெரிதாக்கி, நடுவில் பித்தளைகள் சண்டை போட்டு, உச்சத்தில் நிறுத்தினால் அமெரிக்கா.

அந்த அமெரிக்க அமைப்பை நிலைநாட்டியவர் ஜான் பிலிப் சூசா. 1880 முதல் 1892 வரை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் (மரீன் படையின்) பாண்டை நடத்தினார். 130க்கும் மேற்பட்ட அணிநடைகளை எழுதினார். 1896 கிறிஸ்துமஸ் நாளில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலில் மனத்தில் உருவான 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபார்எவர்' 1987இல் அந்நாட்டின் தேசிய அணிநடை ஆனது. கடைசிப் பகுதியில் சின்னஞ்சிறு பிக்கலோ குழல் எல்லாப் பித்தளைக்கும் மேலே பறக்கும் இடம் வரும். அதைக் கேட்டும் நாட்டைச் சொல்லத் தெரியவில்லை என்றால் மறுபடி முதல் படிக்குப் போங்கள்.

படி 6: உங்கள் விடையைச் சந்தேகியுங்கள்

மேலே உள்ள ஐந்து படிகளும் ஒரு மெட்டு எந்த நாட்டுப் பாண்டுக்காக அமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். மெட்டு அதற்கு முன் எங்கே இருந்தது என்பது வேறு கேள்வி. எனக்கு இந்தப் பொருளில் அடங்காத ஆசை வரக் காரணமே இந்த இரண்டாவது கேள்விதான்.

நமக்குப் பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவின் 'சாரி மரே'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரோடு போரிட்ட போயர்களின் நினைவைச் சுமக்கும் ஆஃப்ரிகான்ஸ் பாட்டு அது. மெட்டோ அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. இன்று அது யாருடைய அணிநடை? பிரிட்டனின் ராயல் மரீன் கமாண்டோப் படையுடையது. எதிரியின் பாட்டை வென்றவன் எடுத்துத் தன் காலுக்குப் பொருத்திக்கொண்டான். நம் ஐந்து படிகளை வைத்துப் பார்த்தால் 'பிரிட்டன்' என்ற விடைதான் வரும். பாண்டைப் பொறுத்தவரை அது சரி, மெட்டைப் பொறுத்தவரை சரியல்ல.

அதே ராயல் மரீன் படையின் மெது அணிநடை ரஷ்யாவின் பிரியோபிரஷென்ஸ்கி காவல் படையுடையது. 1964இல் மவுண்ட்பேட்டன் பிரபு கொடுத்தது. அமெரிக்க மரீன் படையின் கீதமோ பிரெஞ்சு மேடை நாடகத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் பாடும் வேடிக்கைப் பாட்டு. எழுதியவர் ஜெர்மனியின் கொலோனில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஒஃபன்பாக். பிரஷ்யத் தளபதி யோர்க்கின் பெயரால் ஜெர்மானியர் வாசிக்கும் அணிநடை, பேத்தோவன் 1809இல் பொஹீமிய ஊர்க்காவல் படைக்காக எழுதியது. பிரெஞ்சுப் படை இன்றும் வாசிக்கும் 'ராபர்ட் புரூஸின் வீரர்கள்' ஸ்காட்லாந்து மெட்டு. ஜோன் ஆஃப் ஆர்க்கோடு சேர்ந்து போரிட்ட ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தது என்று மரபு சொல்கிறது.

'கர்னல் போகி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1914இல் ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பாண்டு மாஸ்டர் ஆல்ஃபோர்டு என்ற புனைபெயரில் எழுதியது. ப-க என்று இறங்கும் இரண்டு ஸ்வரத்தில் தொடங்கும். 1957இல் வந்த ஆங்கிலப் படம் ஒன்றில் போர்க் கைதிகள் இதைச் சீட்டியடித்துக்கொண்டு நடப்பார்கள். அதன் பிறகு உலகமே இதைச் சயாம்-பர்மா ரயில் பாதையோடு சேர்த்து நினைக்கிறது. அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுக்கு எந்த மெட்டும் வைக்கப்படவில்லை. இந்த அணிநடையைக் கேட்கும்போது தமிழர்களாகிய நாம் அதையும் சேர்த்து நினைப்பது நம் கடமை என்று நம்புகிறேன்.

இந்தியப் படைப்பிரிவு வரும் ஆண்டுகளில் 'கதம் கதம் பதாயே ஜா' ஒலித்தால் கவனமாகக் கேளுங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்காகக் கேப்டன் ராம் சிங் தாக்குரி மெட்டமைத்தது. அந்த ராணுவத்தில் மலாயா, பர்மாத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த மெட்டு இன்று ஆங்கிலேய வழிவந்த வாத்தியங்களில் வாசிக்கப்படுகிறது.

படி 7: களத்தில் பயிற்சி

ஷான் தெ மார்ஸ் முதலில் பிரெஞ்சுக்காரரின் படைப்பயிற்சி மைதானம். ஆங்கிலேயர் வந்தபின் 1812இல் கர்னல் டிரேப்பர் அதைக் குதிரைப் பந்தயத் திடலாக்கினார். 1810இல் இந்தத் தீவுகளைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நமக்கு நிரந்தரப் படை இல்லை. பிரிட்டிஷ் காவற்படை போன பிறகு 1960இல் அமைந்த சிறப்பு நடமாடும் படையும் காவல்துறையின் பகுதிதான். அதனால் படை பாண்டு செய்யும் வேலையை இங்கே காவல்துறை பாண்டு செய்கிறது. நம் தேசிய கீதத்துக்கு இசையமைத்த பிலிப் ழான்தி அந்தப் பாண்டைச் சேர்ந்தவர். சொற்கள் ழான் ழோர்ழ் ப்ரோஸ்பர் எழுதியவை. முழுப் பாண்டின் வாத்தியங்களில் அந்தக் கீதத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பாண்டுக்காரர் எழுதியது என்பது தானே தெரியும்.

மார்ச் 12 தவிர, நவம்பர் 11ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். கியூர்பிப்பில் ராயல் கல்லூரி முன்னால் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சு வீரன் ஒருவனும் ஆங்கிலேய வீரன் ஒருவனும் சேர்ந்து நிற்கிறார்கள். நினைவு நாளில் ஊதும் பியூகிள் அழைப்புகளைக் கேட்டு, கட்டையில்லாக் குழலின் ச-க-ப தாவலைக் காதில் ஏற்றிக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் ஒரு மெட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடை எண்ணிக்கை, தொடக்கம், தலைமை வாத்தியம், ராகச் சாயல், முடிவு ஆகியவற்றை எழுதி, உங்கள் ஊகத்தைக் கீழே குறியுங்கள். மெட்டின் சில வினாடிகளை ஸ்வரமாக எழுத முடிந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் பதியுங்கள். நிகழ்ச்சி முடிந்து வாத்தியங்களை உறையில் போடும் நேரத்தில் பாண்டுக்காரர் ஒருவரை அணுகி, அந்த மெட்டைப் பாடிக் காட்டிப் பெயர் கேளுங்கள். அவர்கள் கையில் உள்ள வாசிப்புத் தாளின் மேல் வலது மூலையில் இயற்றியவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். அதற்குக் கீழே 'அமைத்தவர்' என்று இன்னொரு பெயர் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாம் படியின் தேடலை அந்த இரண்டாவது பெயரிலிருந்து தொடங்கலாம்.